மெழுகு டப்பா

அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்செட்டுக்காரர் கையால் ஆனது. ஆனால் சிரிக்கிறவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. மூன்று பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அவருக்கு அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயை வார்ப்பாக எடுத்து, அதன்மேல் ரோஜா நிற மெழுகை வளைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி, செட்டாக முடித்துத் திருப்பி அனுப்புவார். கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவர் கண் ஆளின் முகத்துக்குப் போகாது, பல்வரிசைக்குத்தான் போகும். நம்ம சரக்கு என்று தெரிந்தால் ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு நடையைக் கட்டிவிடுவார்.

நாற்பத்தொரு வருஷம் இப்படி ஓடியிருந்தது. இத்தனை வருஷத்தில் உயிருள்ள ஒரு வாய்க்குள் அவர் விரல் போனதில்லை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்திகள், சின்னச் சின்னப் பெட்டிகளில் வெள்ளை, இளமஞ்சள், பழுப்பு என்று நிறம் பிரித்த பற்கள். சுவர்ப் பலகையில் வெள்ளை வாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கும் முகம் கிடையாது, எண்தான் உண்டு.

அவருக்கு ஒரே மகள். பஸ் கண்டக்டர். மருமகன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒரு மாதம் கரையில் இருந்தால் அதிகம். பேத்திக்கு ஐந்து வயது. ஆள் சின்னது, பேச்சு காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். மிளகு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் அவளை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. மகளுக்கு டியூட்டி முடிய ஏழு மணி ஆகும். வேறு வழியில்லாமல்தான் அவள் அப்பாவிடம் வந்தாள். அது அவருக்கும் தெரியும்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம். இவ வாயில சர்க்கரை படக் கூடாது."

"சரிம்மா."

"சரிம்மான்னா என்ன அர்த்தம்? நான் சின்னதா இருந்தப்பவும், மிட்டாய் கொடுக்காதேன்னு சொன்ன எல்லார்கிட்டயும் இப்படித்தான் சரி சரின்னு தலையாட்டினீங்க."

"அந்த ஆள் வேற, இந்த ஆள் வேற."

"ஆள் அதேதான். தலையில முடிதான் இல்ல."

சொல்லிவிட்டு மகள் சிரித்தாள். சிரித்தபோது மேல்வரிசையில் முன்பல் இரண்டும் கொஞ்சம் அதிகப்படியான ஒழுங்கோடு தெரிந்தன. அவை அவர் செய்தவை. மகளுக்கு எட்டு வயதில் அம்மா செத்துப்போனாள். அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று தெரியாத மனிதர் அவர். அழ ஆரம்பித்தால் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பிவிடுவார். அழுகை நின்றுவிடும். பத்து வயதில் கடைவாயில் சொத்தை, பதினாறில் முன்பல் இரண்டும் போயின. அவளுக்கு அந்த இரண்டு பல்லையும் செய்து கொடுத்தபோது, தன் வேலையிலேயே அதுதான் அழகான வேலை என்று அவர் நினைத்தார். வீட்டில் அந்தப் பல் பதித்த பிளேட்டைக் கழற்றிவிட்டால் மகள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவாள் என்பதை அவர் கவனித்ததே பல வருஷம் கழித்து.

அதனால்தான் அந்தச் 'சரிம்மா'வை அவர் மனதாரச் சொன்னார். அது நாலு நாள் தாங்கியது.

ஐந்தாம் நாள் மிளகு பட்டறை வாசலில் உட்கார்ந்து அம்மா வேண்டும் என்று அழ ஆரம்பித்தவள், மூன்று மணி வரைக்கும் நிறுத்தவில்லை. அவர் மேல் கீழ் வார்ப்பு இரண்டையும் எடுத்து வாய்போல் திறந்து மூடிப் பேச வைத்துப் பார்த்தார். பயந்துபோய் இன்னும் சத்தமாக அழுதாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. முனைக்கடைக்குப் போய் ஒரு பால் மிட்டாய் வாங்கிவந்து நீட்டினார். மிளகு அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். பல்லில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கரைகிற மிட்டாய் அது. கரையக் கரைய அவள் நகர்ந்து வந்து அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

யாரும் அவர்மேல் அப்படிச் சாய்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அப்புறம் அது ஒரு கணக்காகவே ஆகிவிட்டது. மேல்வரிசைப் பல் பதினாலையும் மெழுகில் அடுக்கி முடிக்கும்வரை அவள் மேஜையை ஆட்டாமல் உட்கார்ந்தால் ஒரு மிட்டாய். கீழ்வரிசைக்கு இன்னொன்று. மிட்டாய்கள் மெழுகு டப்பாவுக்குள், மெழுகுத் தகடுகளுக்கு அடியில் இருந்தன. மகளுக்கு அந்த மெழுகு வாசனையே பிடிக்காது. அந்த டப்பாவை அவள் தொட மாட்டாள்.

"அம்மா கேட்டா?" என்றார் அவர் முதல் நாளே.

"மூச்சு விட மாட்டேன்."

"கெட்டிக்காரி."

ஒன்றரை மணிக்குத் தெருமுனையில் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடிவருவாள். "தாத்தா, இன்னைக்கு யாரு வாய்?" என்பாள். சுவர்ப் பலகை வாய்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருந்தாள். ஒன்று அழுமூஞ்சி, ஒன்று கோவக்காரர், பல்லே இல்லாத ஒன்று பாப்பா. "கோவக்காரருக்கு இன்னைக்குப் பல்லு முளைக்குதா?" "முளைக்குது." "முளைச்சா கடிப்பாரா?" "உன்னை மட்டும் கடிக்க மாட்டார்." அறை நிறையப் பேச்சு. சாப்பாட்டு நேரத்தையே மறக்கிற அந்த மனிதர் ஒன்றேகாலுக்கே ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

நாலு மாதம் கழித்து ஒருநாள் அவள் கொட்டாவி விட்டபோது, மேல்கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பால் பல்தானே என்று நினைத்தார். எப்படியும் விழுந்துவிடப் போகிற பல். அவர் தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அவரிடம் வரும் வாயெல்லாம் காலியாகி முடிந்த பிறகுதான் வரும். பல் என்றால் போவது, போனால் செய்துகொள்வது. அது இருக்கிற இடத்தில் வலி என்று ஒன்று இருக்கும் என்பது பிளாஸ்டரில் தெரியாது.

கோடு குழியாயிற்று. ஒரு மத்தியானம் மிளகு மிட்டாயை ஒரு கன்னத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

"என்னடி?"

"இந்தப் பக்கம் குத்துது."

டாக்டர்களின் அச்சுப் பசைக்காக வாங்கி வைத்த கிராம்பு எண்ணெயும் வெள்ளைப் பொடியும் அவரிடம் இருந்தன. எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்தார். குத்தல் நின்றது. இரண்டு நாளில் மறுபடி வந்தது. மகளிடம் சொல்ல வேண்டிய நாள் அதுதான். சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவும் நினைத்தார். தினமும் படுக்கப் போகும் முன் மகள் பிள்ளையின் வாயைச் செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பாள். இன்று இல்லாவிட்டாலும் நாளை கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் ஒன்றரை மணிக்கு இந்தக் கதவு இனித் திறக்காது. இதை நினைத்தபோதே அவர் கை வெள்ளைப் பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது.

பொடியைக் கிராம்பு எண்ணெயில் குழைத்தார். டாக்டர்கள் அவசரத்துக்குப் பல்லை அடைக்கிற பசை அது. அவர்கள் செய்வதை எத்தனையோ தடவை கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். மிளகை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, குழியைப் பஞ்சால் துடைத்து, பசையை வைத்து அமுக்கினார். நிறம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்ததால் மஞ்சள் சாயம் ஒரு துளி சேர்த்து மறுபடி வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மொண்ணையாக இருக்கிற பல்லைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. பசை இறுகுவதற்குள் சின்னக் கத்தியை எடுத்து, கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை, குறுக்கே ஓடும் வரியை, ஒன்று விடாமல் செதுக்கிவிட்டார்.

"தாத்தா, கோவக்காரர் மாதிரி எனக்கும் பல்லு முளைச்சிடுச்சா?"

"முளைச்சிடுச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"மூச்சு விட மாட்டேன்."

அன்று சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்த மகள், வாசலிலேயே பிள்ளையை நிறுத்தி வாயைப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "பரவாயில்லப்பா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. நான்தான் உங்களை நம்பாம பேசிட்டேன்" என்றாள்.

அவர் பிளாஸ்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த இடத்தையே துடைத்தார். ஆனாலும் மறுநாள் ஒன்றரை மணிக்கு டப்பாவைத் திறக்கத்தான் செய்தார்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் சத்தம் இல்லை.

"அப்பா, மிளகுக்கு முகம் வீங்கிருச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க. கண்ணு மூடிக்கிச்சு, காய்ச்சல் அனலா கொதிக்குது. பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டேன். பல்லுன்னு சொல்றாங்க. வாங்க."

பல்லா, எந்தப் பல் என்று அவர் கேட்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

குழந்தைகள் பல் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அறைக்குள் பெரிய நாற்காலியில் மிளகு ஒரு மூட்டை மாதிரி கிடந்தாள். இடது கன்னம் கண்ணுக்குக் கீழேவரை ஏறி மினுமினுத்தது. மகள் காக்கி உடையோடு, தோளில் டிக்கெட் பையோடு நின்றாள். டாக்டர் இளம் பெண். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் கோபம் தெரிந்தது. அவர் கதவோரமே நின்றுவிட்டார். கதவோரம் நிற்பது அவருக்குப் பழக்கம்.

"வலி எப்ப ஆரம்பிச்சது?"

"இன்னைக்குக் காலையில ஒரு மாதிரி இருந்தா டாக்டர். தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்."

"இன்னைக்கா? அம்மா, இது ரெண்டு மாச வேலை. உள்ளே சீழ் பிடிச்சு எலும்பு வரைக்கும் போயிருக்கு. யார்கிட்ட காட்டினீங்க?"

"யார்கிட்டயும் காட்டலையே. தினம் நானே பார்ப்பேன். பல்லு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப இது தானா முளைச்சுதா?"

டாக்டர் ஒரு இரும்புத் தட்டை நீட்டினாள். அதில் பருப்பு அளவுக்கு ஒரு துண்டு இருந்தது. "இது அடைக்கிற பசை. நாங்க வச்சா அமுக்கிவிட்டு ஒரு வாரத்துல வரச் சொல்லுவோம், அவ்வளவுதான். இதைப் பாருங்க. நிறம் பார்த்துக் கலந்திருக்கு. மேடு பள்ளம் வரி எல்லாம் செதுக்கியிருக்கு. இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு கைத்திறமை இருக்கிற ஆளுக்கு, உள்ளே அழுகுதுன்னு தெரியலையா? எந்தப் போலி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க? சொன்னாத்தான் நான் மேற்கொண்டு மருந்து கொடுக்க முடியும். என்ன வச்சான், எத்தனை தடவை வச்சான், எல்லாம் தெரியணும்."

"சத்தியமா எனக்குத் தெரியாது டாக்டர்."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க."

டாக்டர் திரும்பித் தாளில் எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே வாய்விட்டும் சொன்னாள்: "தகுதியில்லாத ஆளிடம் காட்டியிருக்கிறார்கள். தாய் மறைக்கிறார்."

மகளின் கழுத்து சிவந்தது. ஒருநாளில் ஆயிரம் பேரிடம் குரல் உயர்த்துகிறவள், இங்கே டிக்கெட் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குனிந்து பிள்ளையின் தலையைத் தொட்டாள்.

"மிளகு, யாரு கண்ணு உன் பல்லுல இதை வச்சது?"

மிளகின் திறந்திருந்த ஒற்றைக் கண் அம்மாவைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தது. அங்கே நிற்கிறவரைக் கண்டுகொண்டது. யாருக்கும் தெரியாதபடி அவள் தலையை ஒரு தடவை இப்படியும் அப்படியும் அசைத்தாள். சொல்ல மாட்டேன் என்று.

"நானே வச்சுக்கிட்டேன்" என்றாள். வீக்கத்தில் சொல் குழறியது. "பள்ளிக்கூடத்துக் களிமண்ணு."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"நானேதான்."

"பொய் சொல்ற. டிக்கெட் எடுக்காமலே எடுத்தேன்னு சொல்ற ஆளுங்களைத் தினம் பார்க்கிறவ நான். என்கிட்டயா? இங்க பாரு மிளகு, பொய் சொல்ற பிள்ளை எனக்கு வேண்டாம். நான் இப்படியே டியூட்டிக்குப் போயிடுவேன். சொல்லு."

மிளகின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வீங்கிய கன்னத்தின்மேல் வேறு திசையில் ஓடியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, கொதிக்கிற உடம்போடு, அவருக்குக் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது பேசினால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி போகும், தெருமுனையில் இழுபடுகிற பை போகும், முழங்காலில் சாய்கிற அந்தக் கனம் போகும். மகள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன அந்தப் 'பரவாயில்லப்பா'வும் போகும். இதையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் "நான் போறேன்" என்று பையைத் தோளில் ஏற்றினாள். மிளகு விக்கினாள்.

"நான்தான் வச்சேன்" என்றார் அவர்.

மகள் திரும்பிப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காத முகங்களைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையால் அவள் அப்பாவை இதுவரை பார்த்ததில்லை.

"மிட்டாயும் நான்தான் கொடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்ததிலேருந்து."

"மிட்டாயை விடுங்க. வலி எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"நல்லா இருக்குன்னு நான் சொன்னப்ப பக்கத்துலதானே நின்னீங்க."

"ஆமாம்மா."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டது டாக்டர்தான். என்ன பொடி, எவ்வளவு எண்ணெய், என்ன சாயம், எத்தனை தடவை. அவர் ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்குத் தடுமாற்றம் வராது. டாக்டர் தாளில் எழுதியிருந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தாள். "பெரியவரே, பால் பல் விழும்தான். ஆனா ஈறுக்குள்ள பெரிய பல்லு தூங்கிட்டிருக்கு. வெளியே அழுகினா உள்ளே இருக்கிறதுக்கும் ஆபத்து. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணுக்குப் போயிருக்கும்" என்றாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா, நீங்க கீழே போங்க" என்றாள் மகள்.

அவர் கீழே போனார். மூன்று நாள் ஊசி வழியாக மருந்து ஏறியது. மூன்று நாளும் அவர் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் ஓரத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தார். மேலே போகவும் இல்லை, வீட்டுக்குப் போகச் சொல்லி யாரும் வரவும் இல்லை. நாலாம் நாள் மிளகை மயக்கத்தில் வைத்து, இடுக்குகளில் வெளியே தெரியாமல் சொத்தை பரவியிருந்த பற்களையும் சேர்த்து ஐந்து பற்களை எடுத்தார்கள். கீழே நாலு, மேலே ஒன்று. மத்தியானம் மகள் இறங்கி வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை அவர் கையில் வைத்தாள்.

"உங்ககிட்ட எல்லா நிறத்துலயும் பல்லு இருக்கே. இதையும் வச்சுக்குங்க."

குப்பிக்குள் ஐந்தும் அரிசிபோல் கிடந்தன. ஒன்றின்மேல் மஞ்சள் கலந்த பசையின் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு மிளகு டிப்போவுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்குப் போனாள். பட்டறையில் வேலை நடந்தது. டாக்டர்கள் அனுப்பினார்கள், அவர் செய்தார். ஒன்றரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் சத்தமாகப் போவார்கள். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். மெழுகு டப்பாவில் மிச்சமிருந்த மிட்டாய்களை அவர் குப்பி கைக்கு வந்த அன்றே கொட்டிவிட்டார். ஆனால் அந்த இனிப்பு வாசனை மெழுகில் ஏறியிருந்தது. விளக்கில் காட்டும்போதெல்லாம் அறைக்குள் அது எழுந்தது. கடைசியில் மெழுகு முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினார். குப்பியை மட்டும் பலகையில், பாப்பா என்று மிளகு பெயர் வைத்த பல்லில்லாத வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆறாவது வாரம் ஒரு நாள் மகள் டியூட்டி இடைவேளையில் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே டிக்கெட் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கீழ்த்தாடை வார்ப்பு.

"இடம் மூடிக்கிட்டா பெரிய பல்லு கோணலா வருமாம். சின்னத் தகடு ஒண்ணு போட்டு இடத்தைப் பிடிச்சு வைக்கணுமாம். ஆஸ்பத்திரியில செஞ்சா ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அந்தச் செதுக்கின கைகிட்ட கொடுங்கன்னு டாக்டர்தான் சொன்னாங்க. நான் வேண்டாம்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்திருக்கேன்ல."

"சாப்பிடறாளா?"

"கஞ்சி குடிக்கிறா. ஒரு பக்கமா."

அவள் போன பிறகு அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வார்ப்பை எடுத்தார். ஆயிரக்கணக்கில் வாய்களைப் பார்த்த கண். ஒன்றுக்கும் முகம் இருந்ததில்லை. இதற்கு முகம் இருந்தது, பேச்சும் இருந்தது. ஈறு மூடிய நாலு பள்ளங்களையும் கட்டை விரலால் தடவினார். ஒவ்வொன்றிலும் விரல் நின்றது. அரைநாள் வேலை அது. அவருக்கு நாலு நாள் பிடித்தது. முதலில் செய்ததில் ஓரம் கொஞ்சம் கூர்மையாக இருந்தது போலத் தோன்றியதால் உடைத்துப் போட்டார். இரண்டாவதைத் தன் உதட்டின் உட்புறத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், எங்காவது உரசுகிறதா என்று. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு செட்டையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

தகடு பொருத்துகிற அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "வாயைத் திறக்க மாட்டேங்கிறா. தாத்தா செஞ்சதா, தாத்தா வந்தாத்தான்னு அடம். வாங்க" என்றாள் மகள். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதே அறை, அதே நாற்காலி. வீக்கம் போய் மிளகின் கன்னம் பழையபடி இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. அவர் கதவோரம் நின்றார். மிளகு கையை ஆட்டிக் கூப்பிட்டாள். மகள் வழிவிட்டு நகர்ந்தாள். அவர் உள்ளே போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக் காதில் சொன்னாள். ரகசியம் என்று நினைத்துச் சொன்னாள். அறை முழுக்கக் கேட்டது.

"நான் சொல்லல தாத்தா. நீங்களேதான் சொல்லிட்டீங்க."

அவர் நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லல கண்ணு. நீ சொல்லியிருக்கணும். நான் சொல்லாதேன்னாலும் நீ அம்மாகிட்ட சொல்லணும். இப்ப சொல்லு."

"என்ன சொல்ல?"

"எல்லாத்தையும். நான் இங்கேயே இருக்கேன். அம்மாவைப் பார்த்துச் சொல்லு."

மிளகு அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இது ஏதாவது விளையாட்டா என்று சந்தேகம். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். முதல்ல ஒண்ணு. அப்புறம் மேல் வரிசைக்கு ஒண்ணு, கீழ் வரிசைக்கு ஒண்ணு. மெழுகுக்கு அடியில. ஒரு நாள் தாத்தா மேஜையிலேயே தூங்கிட்டார், அன்னைக்கு நானே மூணு எடுத்துட்டேன். அது அவருக்கே தெரியாது. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். டாக்டர் தகட்டைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள்.

"எண்ணெய் வைக்கிறதுக்கு முன்னாடியே வலிச்சுது. நிறைய நாள் வலிச்சுது. தாத்தாகிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றாள் மகள்.

"சொன்னா மிட்டாய் நின்னுடும்ல."

"மிட்டாய் அவ்வளவு பெரிசா உனக்கு?"

மிளகு யோசித்தாள். "மிட்டாய் கொடுக்கும்போதுதான் தாத்தா சிரிப்பார். தாத்தா ரூம்ல வேற ஒண்ணுமே இல்லம்மா. பல்லுதான் இருக்கு."

பக்கத்து அறையில் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது. டாக்டர் குனிந்து, "இப்ப ஆ காட்டு" என்றாள். மிளகு வாயைத் திறந்தாள். தகடு உள்ளே போய் மெல்ல ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. டாக்டர் விரலால் சுற்றிப் பார்த்தாள். எங்கும் உரசவில்லை. "கடி" என்றாள். கடித்தாள். "குத்துதா?" "இல்ல." ஆனால் புதிதாக ஏதோ வாயில் கிடப்பது பிடிக்காமல் அவள் முகம் சுருங்கியது, கண் நிறைந்தது, அழ ஆரம்பித்தாள்.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. பையிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு" என்றாள் மகள் அவரைப் பார்க்காமல். "அவளைக் கூட்டிட்டு வர்றேன். நானும் இருப்பேன். ரெண்டு மணி நேரம்."

"சரிம்மா."

"சரிம்மான்னா என்ன அர்த்தம்?"

பழைய கேள்விதான். அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "அவ அழுதா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. அப்பவும் தெரியலை. இப்பவும் தெரியலை."

மகள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மறு கை பழக்கத்தில் வாயருகே போயிற்று, பிறகு இறங்கியது.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்பா. பக்கத்துல உட்காருங்க, போதும். அழுது முடிச்சா தானா நிறுத்திடுவா" என்றாள். பிறகு, "நானும் நிறுத்தியிருப்பேன்" என்றாள்.

அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிளகு அழுதாள். அவர் உட்கார்ந்திருந்தார்.